புலிமியா இருந்தவருக்கு எடைக் குறைப்பு ஊசி: ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வரும் பெண் ஒரே ஆள் அல்ல. புலிமியா, அதாவது கட்டுப்பாடிழந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு அதை எப்படியாவது ஈடுகட்டும் உணவுக் கோளாறு, தொடர்பான ஒத்த சிக்கலோடு மனநலப் பிரிவுக்கு வந்த சிலரின் விவரங்களைச் சேர்த்து, தொழில், குடும்பம், பரிசோதனை எண்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கிறேன். மருந்துகள், ஆய்வுகள் பற்றிய தகவல்கள் மட்டும் உள்ளபடியே இருக்கின்றன. கிலோ கணக்கைக் கூடிய வரை தவிர்த்திருக்கிறேன். உணவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த எண்களைத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்து வருந்த வேண்டாம் என்பதற்காக.

வந்த காரணம்

வயது 36. பள்ளி ஆசிரியை. ஏழு வயதில் ஒரு மகன். ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய், அதற்கு முன்பிருந்தே பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை). மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துவந்தார். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.1. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 34. அவருடைய நீரிழிவு மருத்துவர், வாரத்துக்கு ஒருமுறை போடும் டிர்செபடைட் ஊசியை எழுதிக் கொடுத்திருந்தார். பி.எம்.ஐ 30-க்கு மேல் இருந்தாலே எடைக்காக இதைக் கொடுக்கலாம். 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற துணை நோய்கள் இருந்தாலும் கொடுக்கலாம். சர்க்கரை நோய்க்கென்றே தனியாகவும் கொடுக்கலாம். கையில் இருந்த ரிப்போர்ட்டுகளை வைத்துப் பார்த்தால் அந்தச் சீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அவர் ஊசியை வாங்கவில்லை. இரண்டு வாரம் சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மனநலப் பிரிவுக்கு வந்தார்.

“ஊசி போட்டா பசியே எடுக்காதுன்னு சொன்னாங்க டாக்டர். பசிக்காத நாள்தான் என் வாழ்க்கையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள். அதனாலதான் பயமா இருக்கு.”

எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த அளவுக்குச் சொல்லிவிடாது. பசியின்மை ஒருவருக்குச் சிகிச்சையின் பலனாக இருக்கலாம். இவருக்கோ அது நோயின் மிகப் பழைய ஆசை. இந்த வேறுபாட்டை அவர் தானே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் எங்கள் முதல் வேலையாக இருந்தது.

பின்கதை

பள்ளியில் பட்டப்பெயர், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் “என்னடி, இப்படி ஊதிட்ட” என்ற விசாரிப்பு, இவையெல்லாம் நம்மூரில் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் கேட்டவைதான். பதினெட்டு வயதில் கல்லூரி விடுதிக்குப் போனதும் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தார். சில மாதங்களில், கட்டுப்பாடில்லாமல் நிறையச் சாப்பிடுவதும் அதை வெளியேற்றுவதும் பழக்கமாகிவிட்டன. அறைத்தோழிக்குச் சந்தேகம் வந்தபோது வயிற்றுப்புண் என்று சொல்லிச் சமாளித்தார். நான்கு வருடம் அப்படியே ஓடியது. கல்யாணப் பேச்சு நடந்த நாட்களில் உச்சத்துக்குப் போனது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, சிகிச்சையும் இல்லை. வயிற்றில் குழந்தை இருப்பது தெரிந்த அன்று வாந்தி எடுப்பதை அவராகவே நிறுத்தினார். அதன்பிறகு அது திரும்பவில்லை என்றார். நான் நம்பினேன். அவருடைய மேல் முன்பற்களின் உட்புற எனாமல் பல வருடம் முன்பு அரிக்கப்பட்ட அடையாளத்தோடு இருந்தது. புதிய அரிப்பு இல்லை. பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் சரியாக இருந்தன.

அப்படியானால் நோய் எட்டு வருடம் முன்பே முடிந்துவிட்டதா? முடியவில்லை. அது வெளிப்பட்டது ஒரு சாதாரணக் கேள்வியில்: “நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க?”

காலையில் காபி மட்டும். மதியம் டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி, அதில் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து சமையல், மகனின் பாடம், அப்புறம் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறை. மீந்த சாதம், முறுக்கு டின், மகனுக்கு வாங்கிய பிஸ்கட், கையில் கிடைத்ததெல்லாம், நின்றபடியே, ருசி தெரியாமல், வயிறு வலிக்கும் வரை. வாரத்தில் இரண்டு மூன்று இரவு. மறுநாள் விரதம். வெள்ளி என்றால் அம்மனுக்கு, செவ்வாய் என்றால் முருகனுக்கு, மற்ற நாள் என்றால் ‘வயிறு சரியில்லை’.

இந்த விரதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நோயின் பெயரே இதைப் பொறுத்து மாறுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு (2013) சொல்வது இது: மூன்று மாதமாக வாரம் ஒருமுறையாவது கட்டுப்பாடிழந்து உண்பது நடந்து, அதற்கு ஈடுகட்டும் செயல் எதுவும் வழக்கமாக இல்லையென்றால் அது பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர். ஈடுகட்டும் செயலும் அதே அளவில் இருந்தால், தன்னைப் பற்றிய மதிப்பு உடல் வடிவத்திலும் எடையிலுமே தொங்கிக்கொண்டிருந்தால், அது புலிமியா. ஈடுகட்டுவது வாந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டினியும் கணக்கில் வரும். விரதம் இருக்கும் எல்லோரும் நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. பக்தியோடு விரதம் இருந்து, முடித்ததும் நிம்மதியாகச் சாப்பிடுபவர்கள்தான் அதிகம். அதனால் அவரிடமே கேட்டேன். முந்தின ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை என்றால் மறுநாள் விரதம் இருப்பீர்களா? கோயிலில் பிரசாதம் கொடுத்தால் சாப்பிடுவீர்களா?

வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “முருகனுக்காகத்தான் ஆரம்பிச்சேன். இப்ப சாமிக்காக இருக்கேனா, ராத்திரி தின்னதுக்காக இருக்கேனான்னு எனக்கே தெரியல.”

புலிமியா அவருக்கு முன்பு இருந்தது என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, இப்போதும் இருக்கிறது என்று எழுதினோம்.

பட்டினியும் கிளிமிபிரைடும்

நாங்கள் எதிர்பாராத இன்னொன்றும் இருந்தது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வீட்டில் இருந்த குளுக்கோமீட்டரில், விரத நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பார்க்கச் சொன்னோம். ஒரு நாள் 62 காட்டியது. நடுக்கம், வியர்வை, எதையாவது தின்றே ஆக வேண்டும் என்ற வெறி, இவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகளும்கூட. அவர் பல வருடமாகத் தன் மனவுறுதியின் தோல்வி என்று நினைத்திருந்த இரவுகளில் சிலவாவது, சர்க்கரை தாழ்ந்த உடல் கேட்ட சாப்பாடு. இதைச் சொன்னபோது அழுதுவிட்டார். நீரிழிவு மருத்துவரிடம் பேசினோம். அவர் அன்றே கிளிமிபிரைடை நிறுத்தினார்.

மருந்து இல்லாவிட்டாலும் பட்டினி இப்படித்தான் செய்யும். 1944, 45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, இதற்குத் தாங்களாக முன்வந்தவர்கள் அவர்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேர்ப்பது, எரிச்சல், சோர்வு, பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தபோது நிறுத்த முடியாமல் சிலர் தின்றது எல்லாம் பதிவாகியிருக்கின்றன. உணவுக் கோளாறு ஏதும் இல்லாத ஆண்களுக்கே அப்படி என்றால், பதினெட்டு வருடமாக மாறி மாறிப் பட்டினி கிடந்தவரின் இரவுகளுக்குப் பேராசை என்று பெயர் வைப்பது அநியாயம்.

மேசையில் இருந்த வழிகள்

டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. குடலில் உணவுக்குப்பின் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு ஹார்மோன்களைப் போலவே செயல்படும். வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளையின் பசி மையங்களில் வேலை செய்யும், சர்க்கரையையும் நன்றாகக் குறைக்கும். 2022-இல் வெளியான சர்மவுண்ட்-1 ஆய்வில் 2,539 பேர் கலந்துகொண்டனர். 72 வாரத்தில், மருந்தின் அளவைப் பொறுத்து, உடல் எடையில் சராசரியாக 15 முதல் 21 சதவீதம் குறைந்தது. இவை பெரிய எண்கள். இவருடைய கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் இந்த மருந்து உதவும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். இந்த வகை மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் தீவிர மனநோய் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. கட்டுப்பாடிழந்து உண்பவர்களிடம் லிராக்ளுடைட், டுலாக்ளுடைட் போன்றவற்றைச் சோதித்த சில சிறிய ஆய்வுகள் உண்டு. சிலவற்றில் அந்த இரவுகள் குறைந்தன, ஒன்றில் வெற்று மருந்தோடு (மருந்தே இல்லாத போலி ஊசியோடு) ஒப்பிட்டபோது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. புலிமியாவுக்கு அந்த அளவுகூட ஆதாரம் இல்லை. ‘தலைக்குள்ள சாப்பாட்டுச் சத்தம் நின்னுடுச்சு’ என்று இந்த ஊசி போட்டவர்கள் பலர் சொல்வது உண்மைதான், அது கட்டுப்பாடிழந்து உண்பவருக்குப் பெரிய விடுதலையாக இருக்கலாம். ஆனால் சர்மவுண்ட்-1 ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குமட்டலும், 8 முதல் 12 சதவீதம் பேர் வாந்தியும் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி இவருக்கு வெறும் பக்கவிளைவு அல்ல.

மற்ற மருந்துகள்? புப்ரோபியான் சேர்ந்த எடைக் குறைப்பு மாத்திரை இவருக்கு அறவே கூடாது. புலிமியாவோ அனோரெக்சியாவோ (எடை கூடிவிடும் என்ற பயத்தில் மிகவும் மெலியும் வரை சாப்பாட்டைத் தவிர்க்கும் கோளாறு) எப்போதோ இருந்திருந்தாலும் புப்ரோபியான் வலிப்பை வரவழைக்கும் ஆபத்து அதிகம். 1988-இல் வெளியான ஒரு ஆய்வில் புலிமியா உள்ள 55 பேரில் நால்வருக்கு வலிப்பு வந்த பிறகுதான் இந்தத் தடை உறுதியானது. மனச்சோர்வுக்கும் புகைப்பதை நிறுத்தவும் இதே மருந்தைத் தனியாகக் கொடுப்பதால், பழைய கதையைக் கேட்காமல் எழுதிவிடுவது எளிது. கொழுப்பை உறிஞ்சவிடாமல் மலத்தில் வெளியேற்றும் ஆர்லிஸ்டாட்டை வெளியேற்றும் வழியாகவே சிலர் பயன்படுத்திக்கொள்கிறார்கள். டபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளோடு பட்டினி சேர்ந்தால் உடலில் நீர் வற்றும், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. சரி, ஒன்றுமே கொடுக்காமல் விட்டால்? 8.1 சர்க்கரையோடு அதுவும் பாதுகாப்பான வழி அல்ல. மனநலம் மட்டும் பார்க்கிற நாங்கள் இதை மறந்துவிடுவதுண்டு. உணவுக் கோளாறு இருந்த ஒரே காரணத்துக்காக ஒருவரின் கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் மருந்தை மறுப்பதும் தீங்குதான்.

எடுத்த முடிவு

இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. ‘பிறகு’ என்பதை அவர் தேதியாகக் கேட்டார். நாங்கள் தேதியைக் கொடுக்காமல், எதெல்லாம் நடந்தால் ஊசி என்று எழுதிக் கொடுத்தோம். முதலில் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்: மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, உணவுக் கோளாறுகளுக்கான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் முதல் படி இதுதான். பசித்தால் சாப்பிடு என்று இவரிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் பல வருடமாக அந்தப் பசியைக் கேட்காமலே பழகியிருக்கிறார். நாளைக்கு ஊசி பசியை இன்னும் அடக்கும்போது அவரைச் சாப்பிட வைக்கப்போவது இந்தக் கடிகாரம் மட்டும்தான். அது முன்பே பழக்கமாகியிருக்க வேண்டும்.

கூடவே ஃப்ளூஆக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கி, புலிமியாவுக்கு வழக்கமான 60 மி.கி. வரை மெதுவாக ஏற்றினோம். விரதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் தன் அம்மாவிடம் பேசி, சர்க்கரை நோய்க்காரர் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற பதிலோடு வந்தார்.

கணவருக்கு இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. அவருடைய தங்கைக்கு அதே ஊசியில் நன்றாக இளைத்திருந்தது. “நல்ல மருந்து கையில இருக்கு, எதுக்கு டாக்டர் இழுத்தடிக்கிறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மனைவியின் அனுமதியோடு முழுக் கதையையும் அவரிடம் சொன்னோம். எட்டு வருடம் பக்கத்தில் இருந்தும் தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவரை அதிகம் உலுக்கியது. ஊசி மருந்தைத் தானே பூட்டி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். பேனா வடிவ ஊசி ஒன்றில் நான்கு வாரத்துக்கான மருந்து இருப்பதால், தனியாக வைத்திருப்பது அவசரத்தில் கூடுதலாகப் போட்டுக்கொள்ள இடம் கொடுக்கும் என்பது எங்கள் கவலையும்கூட. ஆனால் மனைவி மறுத்தார். புருஷன் கையில் சாவி இருந்தால் தான் மறுபடி ஒளிக்கத்தான் செய்வேன் என்றார். கடைசியில் அவருடைய அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பது என்று ஏற்பாடானது.

ஐந்து மாதம் ஆனது. பட்டினி நாள் இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம், அந்த இரவுகள் மாதத்துக்கு ஒன்று. சர்க்கரை சராசரி 7.6-க்கு வந்தது, எடை அநேகமாக அப்படியே. அப்போதுதான் டிர்செபடைட் 2.5 மி.கி. தொடங்கினோம். இலக்கு கிலோவில் இல்லை, சர்க்கரை சராசரியிலும் கல்லீரலிலும். வீட்டில் எடை பார்ப்பதில்லை, மருத்துவமனையில் மட்டும், அதுவும் அவர் எண்ணைப் பார்க்காமல். அளவை ஏற்றுவது எடையைப் பார்த்து அல்ல, சாப்பாட்டுக் குறிப்பேட்டைப் பார்த்து: வேளைகள் விட்டுப்போயிருந்தால் ஏற்றமில்லை. இரண்டு நாள் தொடர்ந்து வேளை தப்பினாலோ, தானாக வாந்தி எடுக்க நினைத்தாலோ அடுத்த ஊசிக்கு முன் போன் செய்ய வேண்டும். பிசிஓடிக்காக மாத்திரை எடுப்பவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றையும் சொன்னோம்: டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம், தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும் நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

ஐந்து மில்லிகிராமில் நடந்தது

முதல் மாதம் அமைதியாகப் போனது. 5 மி.கி.க்கு ஏற்றிய இரண்டாம் வாரம், ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு தானாகவே வாந்தி வந்தது. மருந்தின் வேலை, அவர் வரவழைத்தது அல்ல. மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

“வாந்தி வந்தப்ப ஒரு நிம்மதி வந்துச்சு டாக்டர். பழைய நிம்மதி. அதைச் சொல்லணும்னுதான் ஓடி வந்தேன்.”

அன்று மருந்துக் குறிப்பேட்டில் பக்கவிளைவு என்ற பத்தியில் வாந்தி, ஒருமுறை என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தச் சிகிச்சை திசை தெரியாமல் போயிருக்கும். நீரிழிவு மருத்துவரோடு பேசி 2.5-க்கே திரும்பினோம். அது தொடக்க அளவுதான், நீண்ட நாள் நிறுத்தி வைப்பதற்கென வகுக்கப்பட்டதல்ல. எடை குறைவது மெதுவாகும் என்பதும் தெரியும். ஆனாலும் அவருக்குத் தாங்குகிற அளவு அதுதான். ஏழாம் மாதத்தில் சர்க்கரை சராசரி 6.7. இரவுகள் நின்றிருந்தன. மதிய டிபன் பாக்ஸை முழுதாகக் காலி செய்கிறார், அதைக் குறிப்பேட்டில் தனியாக அடிக்கோடிட்டிருந்தார்.

அதே சமயத்தில் வேறொருவர்

ஒப்பிட்டுப் பார்க்க இதையும் எழுதுகிறேன். 24 வயதுப் பெண், அனோரெக்சியாவிலிருந்து மீண்டு இரண்டு வருடம். உடல் எடை இயல்பு, சர்க்கரை இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன் ‘கொஞ்சம் மட்டும்’ குறைக்க வேண்டும் என்று கேட்டு வந்தார். இங்கே எடைபோட ஒன்றுமில்லை. மருந்து தீர்க்க வேண்டிய நோய் எதுவும் அவரிடம் இல்லை, மருந்து திறந்துவிடக்கூடிய நோய் இருக்கிறது. முடியாது என்று அன்றே சொன்னோம். ஏன் அந்த ஆசை இப்போது வந்தது என்பதைப் பேசத்தான் அடுத்தடுத்த வாரங்கள் போயின.

உணவுக் கோளாறு இருந்தவருக்கு இந்த ஊசி கொடுக்கலாமா என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான். எந்தக் கோளாறு, அது இன்று எந்த நிலையில் இருக்கிறது, மருந்திடம் நாம் கேட்பது ஆரோக்கியமா அல்லது உருவமா என்று பிரித்துக் கேட்க வேண்டும். அதற்கு முதலில் யாராவது வாயைத் திறந்து கேட்க வேண்டுமே. லண்டனில் உருவாகி 1999-இல் வெளியான ஸ்காஃப் என்ற ஐந்து கேள்வித் தொகுப்பு இரண்டு நிமிடத்தில் முடியும்: வயிறு அளவுக்கு மீறி நிறைந்த சங்கடத்தில் நீங்களாக வாந்தி எடுப்பதுண்டா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா என்பவை அதில் இரண்டு. வாந்தி இல்லாமல் அளவுமீறி உண்பவர்களை அது தவறவிடலாம், அதனால் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குண்டாக இருப்பவருக்கு உணவுக் கோளாறு இருக்காது என்ற நினைப்பில்தான் இந்தக் கேள்விகள் விட்டுப்போகின்றன.

இன்னும் முடியாதது

இப்போது அவர் இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கிறார். கருத்தரிக்க முயற்சி செய்வதற்கு முன் ஊசியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் எடை ஏறும்: 2023-இல் வெளியான சர்மவுண்ட்-4 ஆய்வில் 36 வாரம் மருந்து எடுத்துப் பிறகு வெற்று ஊசிக்கு மாறியவர்களுக்கு, அடுத்த ஒரு வருடத்தில் எடை சராசரியாக 14 சதவீதம் திரும்ப ஏறியது. ஏறும் எடையைக் கண்டு பயந்து பட்டினியைத் தொடங்கிய கதைதான் அவருடையது. அதனால் நிறுத்துவதையும் தொடங்கியதைப் போலவே திட்டம் போட்டுச் செய்கிறோம்: கடைசி ஊசிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வாராவாரம் சந்திப்பு, கர்ப்ப காலத்துக்கு ஏற்ற சர்க்கரை மருந்து எது என்று மகப்பேறு மருத்துவரோடு ஒரு அமர்வு, ஃப்ளூஆக்சிடினைத் தொடர்வதா என்ற பேச்சு. பசி திரும்பி வரும்போது என்ன செய்வது என்று அவரே ஒரு பக்கம் எழுதி வந்திருக்கிறார். அந்தப் பக்கத்தைத்தான் அடுத்த சந்திப்பில் கணவர், அக்கா இருவரையும் வைத்துக்கொண்டு படிக்கப்போகிறோம்.